தோமாவின் ஊரில் என் தழும்போடு

திங்கள், ஆதம்பாக்கம்

நெல்லை எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் தாம்பரம் வந்துவிட்டது. எழும்பூர் வரை போகாமல் அங்கேயே இறங்கி மின்சார ரயில் பிடித்தால் பரங்கிமலை. அங்கிருந்து மகள் வீடு ஆட்டோவுக்குப் பக்கம்தான். இரண்டு பைகளையும் என் வீட்டுக்காரரே தூக்கிக்கொண்டார். நெஞ்செலும்பு கூடும் வரை கனம் தூக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் அன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் விடுவதில்லை.

வந்த காரியம் பைபாஸுக்குப் பிறகான மூன்று மாத ரிவ்யூ. கூடவே ஒரு எண்ணமும் உண்டு. இயேசுவின் பன்னிரண்டு சீஷரில் ஒருவரான தோமா வந்து வாழ்ந்து மரித்ததாகச் சொல்லப்படும் சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றையும் இந்த முறை பார்த்துவிட வேண்டும். நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தோமா என்ற அந்த மனிதரோடு எனக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்ததும் மார்புக்குள் தேங்கும் ரத்தம் வடிவதற்காக விலாவுக்குக் கீழே குழாய் வைத்திருப்பார்கள். ஐ.சி.யு.வில் ஒரு நர்ஸ் வந்து, "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா" என்று சொல்லி அதை உருவினார். உருவிய இடத்தை நான் பார்த்தேன். ஒரு விரல் நுழையும் அளவு துளை. உயிர்த்தெழுந்த இயேசு, காயத்தைப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற தோமாவிடம் சொன்ன "உன் கையை நீட்டி, என் விலாவிலே போடு" என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். அந்த விலா உடம்பில் எங்கே இருக்கிறது, அதைத் திறந்தால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போன பிறகு ஜெபிக்க முடியவில்லை. இதை வெளியே சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எனக்காக உபவாசம் இருந்தவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பூரண சுகம் கொடுத்துட்டார், சாட்சி சொல்லணும்" என்பார்கள். நானும் ஆமென் சொல்வேன். அவர்கள் போன பிறகு பைபிளைத் திறந்தால் கண்ணீர் வரும், வார்த்தை வராது. இதய ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு இப்படி மனம் சோர்ந்துபோவது உண்டு, மருந்தைப் போல அதையும் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது உடம்பின் காரியம் என்று புரிந்தது. ஆனாலும் ஆண்டவரிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னைப் போல ஆக்கும் என்று கேட்கவா? முன்னைப் போல ஆகப் போவதில்லை என்று கண்ணாடியே சொல்கிறது. கழுத்துக் குழியிலிருந்து கீழே நேராக ஒரு கோடு, அதுவும் தடித்துப் புடைத்து, கருஞ்சிவப்பாக.

"கழுத்து மூடுன ஜாக்கெட்டா தச்சுப் போட்டுக்கோங்க மைனி, யாருக்கும் தெரியாது" என்று நாத்தனார் சொன்னாள். அப்படியே தைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சென்னை வெயிலுக்கு அது பெரிய தண்டனை.

செவ்வாய், ஆஸ்பத்திரி

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் முடித்து டாக்டரைப் பார்க்கும்போது மதியம் தாண்டிவிட்டது. பம்பிங் நன்றாக இருக்கிறது. மூன்று மாத சுகர் சராசரி இன்னும் இறங்க வேண்டும். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் ஆயுள் வரைக்கும்.

இதைப் படிக்கும் பெண்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எனக்கு வந்தது, சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் வலி இல்லை. தாடையில் ஒரு இழுப்பு, முதுகில் நோவு, மாடிப்படி ஏறினால் தாங்க முடியாத களைப்பு. பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, இதய நோய் இப்படி வேறு வேஷத்தில் வருவது உண்டு. ஊரில் ஒரு கிளினிக்கில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மகள் பிடிவாதமாக இங்கே வரவழைத்து ஆஞ்சியோ பார்த்தபோது மூன்று குழாயிலும் அடைப்பு. சர்க்கரையும் இருந்து, மூன்று குழாயும் அடைத்திருந்தால், ஸ்டென்டைவிட பைபாஸ்தான் நீண்ட காலத்துக்கு நல்லது என்று டாக்டர் விளக்கினார். நெஞ்சின் உள்சுவரில் ஓடும் ஒரு தமனியைத் திருப்பி இதயத்தில் இணைத்தார்கள். மற்ற இரண்டுக்கும் என் இடது காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாய். அறுத்த நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டிய ஸ்டீல் கம்பி இனி என்னோடேயே இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்தினம் எங்கள் ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) போனில் பைபிளின் எசேக்கியேலை வாசித்து ஜெபித்தார். கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு நவமான இருதயத்தைக் கொடுப்பேன் என்ற வசனம். இதய நோயாளி எல்லாருக்கும் அந்த வசனம் கிடைக்கும் போல. அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் புது இதயம் யாரும் வைக்கவில்லை. பழைய இதயத்துக்கு என் காலிலிருந்து உதவி வந்திருக்கிறது. அறுபது வருஷம் நடந்து தேய்ந்த காலிலிருந்து எடுத்த குழாய், இப்போது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிறது. ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைச் சபைக்கான அறிவுரையாகவே கேட்டு வளர்ந்தேன். அவர் உடம்பையும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

எக்கோ அறைக்கு வெளியே காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள் இருப்பாள். ஆரணிப் பக்கம், நெசவுக் குடும்பம். நெற்றி நிறையக் குங்குமம். வியாழக்கிழமை அவளுக்கு பைபாஸ். கையில் இருந்த ஃபைலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஆகிவிட்டது என்று தெரிந்ததும் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள்.

"ரொம்பப் பெருசா இருக்குமாக்கா?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சாண் கணக்கில் சொன்னால் பயம்தான் கூடும். ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்தில் திரை போட்ட ஒரு மூலை உண்டு. அங்கே இருந்த சிஸ்டரிடம் கேட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முந்தானையை விலக்கி, மேலே இரண்டு கொக்கியைக் கழற்றிக் காட்டினேன். என் சொந்த நாத்தனாருக்குக் காட்டாததை ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமலே ஆள்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினாள்.

"வலிக்குதா?"

"இல்ல. அரிக்கும்."

"இதுக்கப்புறம் ஆளு மாறிப்போயிடுவாங்கன்னு சொல்றாங்களே. நெஞ்சையே திறந்துட்டா அப்புறம் அதே ஆளா இருக்க முடியுமாக்கா? நீங்க நீங்களாத்தான் இருக்கீங்களா?"

"ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அவளுக்குத் தைரியம் கொடுக்க வேண்டும் என்று உடனே வந்த பதில் அது. அது உண்மைதானா என்று இரவு வரை யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் மகனுடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

புதன், சின்னமலை

மகளுக்கு வேலை. மருமகன் லீவு போட்டுக்கொண்டு, "நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்று வந்தார். பரங்கிமலையில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறினால் அடுத்தது கிண்டி, அதற்கடுத்தது சின்னமலை. எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் பயப்படாமல் போகலாம்.

பெயர் மலை என்றாலும் சின்ன பாறை மேடுதான். ஆரோக்கிய அன்னை பேரில் பெரிய ஆலயம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் 1551இல் போர்த்துகீசியர் கட்டிய பழைய சிற்றாலயம். அதற்குள்ளிருந்து இறங்கினால் குகை. தம்மைக் கொல்லத் தேடியவர்களிடமிருந்து தப்பி தோமா இங்கே ஒளிந்திருந்ததாக மரபு. வாசல் தாழ்வு. குனிந்து, பக்கவாட்டில் நுழைய வேண்டியிருக்கிறது. உள்ளே ஒரு பக்கம் வெளிச்சம் வரும் திறப்பு. அதன் வழியாகத்தான் அவர் தப்பித்தாராம். பக்கத்துப் பாறையில் அவர் கை பதிந்த தடம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள்.

குகைக்குள் எனக்கு மூச்சு கொஞ்சம் முட்டியது. மருமகன் பயந்துபோய், "வெளிய போயிருவோமா அத்தை" என்றார். நிற்கலாம் என்றேன். பயந்து ஒளிந்த இடத்தையும் புனித இடமாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்களே என்று தோன்றியது. விசுவாச வீரர்கள் என்று நாம் பேசும்போது இந்தப் பகுதியை விட்டுவிடுகிறோம். செத்துப்போன லாசருவின் ஊருக்கு இயேசு புறப்பட்டபோது, அங்கே போனால் கல்லெறிவார்கள் என்று தெரிந்தும், அவரோடேகூட மரிக்க நாமும் போவோம் வாருங்கள் என்று மற்றச் சீஷர்களை அழைத்தவர் தோமாதான். அதே ஆள்தான் இந்தக் குகைக்குள் ஒளிந்திருக்கிறார் என்றால், எனக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது நான் தைரியமாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்து, நடு ராத்திரியில் எழுந்து நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே பாறைக்குள் ஒரு சுனை. தாகத்தோடு வந்த மக்களுக்காக தோமா கோலால் அடித்துத் தண்ணீர் வரவழைத்தார் என்று சொல்கிறார்கள். ஒரு அம்மா பாட்டிலில் பிடித்து, சக்கர நாற்காலியில் இருந்த பையனுக்கு நெற்றியில் தடவிவிட்டார். ஊரில் ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒருவர் என்னிடம், "விசுவாசம் இருந்திருந்தா கத்தி படாமலே கர்த்தர் சுகமாக்கியிருப்பார்" என்று சொன்னார். அதை இங்கே நினைத்துப் பார்த்தேன். அவர் வார்த்தை என்னைப் பல வாரம் அறுத்தது. இந்த அம்மா சுனைத் தண்ணீரையும் தடவினார், பையனுடைய மாத்திரை டப்பாவையும் பையில் வைத்திருந்தார். அவருடைய விசுவாசத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

திரும்பும்போது சைதாப்பேட்டைப் பக்கம் போய், அடையாற்றின் மேல் மறைமலை அடிகள் பாலம் வரை ஒரு நடை. டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

வியாழன், வீட்டில்

எங்கும் போகவில்லை. காலையில் ஆரணிக்காரப் பெண்ணைத் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவள் மகன் போனில் சொன்னான். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே, "ஆண்டவரே, அந்தப் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கோங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குத் தானாக வந்த முதல் ஜெபம் அது. எனக்காகக் கேட்க ஒரு வார்த்தையும் வராமல் இருந்த வாய், அவளுக்காக மத்தியானம் வரை நிறுத்தவே இல்லை. சாயங்காலம் மறுபடி போன். முடிந்துவிட்டது, ஐ.சி.யு.வில் இருக்கிறாள்.

வெள்ளி, பரங்கிமலை

மகள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும் மலை இது. ஏறக்குறைய 300 அடி உயரம். காரில் உச்சி வரை போக ரோடு இருக்கிறது. எனக்குப் படியில் ஏற வேண்டும் என்று ஆசை. டாக்டரிடம் செவ்வாய்க்கிழமையே கேட்டு வைத்திருந்தேன். வெயிலுக்கு முன்னால், அவசரப்படாமல், மூச்சு வாங்கும் இடத்தில் உட்கார்ந்து ஏறலாம் என்றார். என் வீட்டுக்காரர் தண்ணீரும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

அடிவாரத்து வளைவில் 1547 என்று பொறித்திருக்கிறது. படிகளின் ஓரமாகச் சிலுவைப்பாதையின் நிலைகள். எங்கள் ஆலயத்தில் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர ஆராதனை உண்டு, ஆனால் இப்படி நிலை நிலையாக நடக்கும் வழக்கம் இல்லை. இன்று எனக்கு அது வசதியாக இருந்தது. ஒவ்வொரு நிலையிலும் நின்றேன். ஆண்டவர் சிலுவையோடு விழுகிற இடத்தில் நானும் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் நாடியைப் பார்த்தார். பிறகு எழுந்து நடந்தோம்.

இந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. பாரசீகத்து ஜூல்ஃபாவிலிருந்து வந்து மெட்ராஸில் பெரும் பணம் சம்பாதித்தவர். புதன்கிழமை நான் நடந்துபோன அந்தப் பாலம் இருக்கும் இடத்தில் 1726இல் முதலில் பாலம் கட்டியதும் இவர்தான். மலைக்கு வரும் யாத்திரிகர்கள் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று பாலம், மலை ஏற வேண்டும் என்று படி. 1751இல் இறந்தபோது உடம்பை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து, பிறந்த ஊரான ஜூல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். இதை மருமகன் எங்கோ படித்துவிட்டு வந்து காலையில் சொன்னார். படி ஏறும்போது அந்த மனுஷனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற ஒருத்திக்கு இதயம் எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயம். அவருடையது கடைசி வரை ஊரில் இருந்திருக்கிறது. ஆனால் பணமும் உழைப்பும் இந்த ஊர்க்காரர்கள் ஏறுவதற்காகக் கல்லாகக் கிடக்கின்றன.

உச்சியில் சின்ன ஆலயம். 1523இல் கட்டியது. தோமா ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்தப்பட்டு மரித்தது இந்த இடத்தில்தான் என்பது மரபு. கி.பி. 72 என்கிறார்கள். பீடத்துக்குப் பின்னால் கல்லில் செதுக்கிய சிலுவை, சுற்றிலும் பழைய பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. போர்த்துகீசியர் 1547இல் மண்ணுக்குள் கண்டெடுத்தது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது அது ரத்தமாக வேர்த்தது என்றும், 1704 வரை பல முறை அப்படி நடந்தது என்றும் சொல்கிறார்கள். நான் அதை வாதாட வரவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. ஈட்டிக் காயத்தைப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்ன மனிதர், ஈட்டிக் காயம் பட்டு இங்கே விழுந்திருக்கிறார். எந்தக் காயத்தில் கையை வைக்கக் கேட்டாரோ, அதே காயம் அவர் உடம்பிலும்.

இந்தக் கதை கேட்டுப் பழகியவர்கள் அவரைச் சந்தேகத் தோமா என்றே முடித்துவிடுகிறார்கள். அவர் கேட்டதை நிதானமாகப் பாருங்கள். வானத்திலிருந்து ஒரு அடையாளம் வேண்டும் என்று கேட்கவில்லை. பிரகாசமான முகத்தைக் காட்டு என்றும் கேட்கவில்லை. காயத்தைக் காட்டு என்றார். காயம் இல்லாமல் ஒருவர் வந்து நின்றால் அது என் ஆண்டவராக இருக்க முடியாது என்பது அவருடைய கணக்கு. ஆண்டவரும் அந்தக் கணக்கைத் தள்ளவில்லை. மரணத்தை ஜெயித்து எழுந்தவருக்கு ஐந்து காயத்தை மறைப்பதா கஷ்டம்? வைத்துக்கொண்டே வந்தார்.

அதே ஆலயத்தில் ஒரு மாதா படம் இருக்கிறது. சுவிசேஷகர் லூக்கா வரைந்தது, தோமா கொண்டுவந்தது என்று மரபு. லூக்காவைப் பவுல் பிரியமான வைத்தியன் என்று எழுதுகிறார். அந்த வைத்தியர் எழுதிய சுவிசேஷத்தில்தான் உயிர்த்தெழுந்தவர், "நான்தான் என்று அறியும்படி, என் கைகளையும் என் கால்களையும் பாருங்கள்" என்கிறார். அந்தப் படத்தின் முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். வீட்டில் அழுத அழுகை இல்லை இது. ஆரணிக்காரப் பெண் திரைக்குப் பின்னால் என்னைக் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிட்டது. நீங்க நீங்களாத்தான் இருக்கீங்களா? ஆமாம், நான்தான். அதை அறியும்படிக்கு இந்தக் கோட்டைப் பாருங்கள். இத்தனை நாள் முன்னைப் போல ஆக்கும் என்று கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் நின்றேன். இப்போது அது வேண்டாம். கல்லறையிலிருந்து வந்தவரே முன்னைப் போல வரவில்லை, காயங்களோடுதான் வந்தார். அதுதான் மகிமையின் சரீரம்.

ஐ.சி.யு.வில் என் தலைமாட்டில் நின்று, அவருடைய தழும்புகளால் குணமாகிறோம் என்று ஐயர் ஏசாயாவைச் சொன்னபோது காதில் மட்டும் விழுந்தது. இன்று முழுசாக விழுந்தது.

மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிவைத்திருக்கிறார்: தோமா கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப் போய், முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள், குணமாகிவிடும் என்று. மண்ணைக் கரைத்துக் குடிக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் ரத்தம் சிந்திய இடத்துக்கு நோயாளிகள் நம்பிக்கையோடு வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. நானும் அந்த வரிசையில்தான் இன்று ஏறினேன்.

இறங்குவதற்கு மட்டும் ஆட்டோ. முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

சனி, சாந்தோம்

மலையில் கிடைத்ததற்குப் பிறகு இங்கே எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அதனால் நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று வானத்துக்கு ஏறும் கோபுரம், 155 அடி. போர்த்துகீசியர் கட்டியதை இடித்துவிட்டு ஆங்கிலேயர் காலத்தில் 1896இல் கட்டி முடித்தது. 1986இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து ஜெபித்திருக்கிறார். கல்லறைக்கு ஆலயத்தின் பின்னால் தனி வாசல். கீழே இறங்கினால் குளிர்சாதன அமைதி, சில பேர் முழங்காலில்.

கல்லறையில் தோமாவின் உடல் முழுக்க இல்லை. எலும்புகளை முதலில் இன்றைய துருக்கியில் இருக்கும் எதெஸ்ஸாவுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு கிரேக்கத்துக் கியோஸ் தீவுக்கு, அங்கிருந்து 1258இல் இத்தாலியில் ஒர்த்தோனாவுக்கு. இங்கே மிச்சம் ஒரு சிறு எலும்புத் துண்டும், அவரைக் குத்தியதாகச் சொல்லப்படும் ஈட்டியின் முனையும். கொன்ற ஆயுதத்தையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். என் மகள், "எதுக்கும்மா இதையெல்லாம் வச்சிருக்காங்க" என்று முகத்தைச் சுளித்தாள். வீட்டில் என் ஆஞ்சியோ சி.டி.யை அவளே பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். அதைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் தோமையார் கம்பம் வரை போனோம். காற்று நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்கு மயிலாப்பூர். உப்பில்லாமல் ஒன்றும் கிடைக்காது என்று மகள் வீட்டிலிருந்தே சப்பாத்தி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஞாயிறு, மறுபடியும் ஆஸ்பத்திரி

காலையில் மகள் போகும் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் திருவிருந்து ஆராதனை. மூடிய ஜாக்கெட் எல்லாம் துவைக்கப் போட்டாயிற்று, பழையதைத்தான் உடுத்தினேன். இது உங்களுக்காகப் பிட்கப்படுகிற என்னுடைய சரீரம் என்று ஐயர் அப்பத்தைப் பிட்டபோது, முழுசாக இருக்கும் அப்பத்தை யாரும் நம் கையில் கொடுப்பதில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆராதனை முடிந்து ஒரு வயதான அம்மா வந்து, கழுத்தைக் காட்டி, "எப்போ ஆச்சு உங்களுக்கு? எனக்கு அடுத்த மாசம் வால்வு மாத்துறாங்க" என்றார். வெயிலில் நின்று ரொம்ப நேரம் பேசினோம்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. ஆரணிக்காரப் பெண்ணை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, நெற்றியில் மட்டும் யாரோ குங்குமம் வைத்துவிட்டிருந்தார்கள். இருமல் வந்துவிடுமோ என்று பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். இருமாமல் இருந்தால் சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளும். தலையணையை எடுத்து அவள் நெஞ்சோடு அணைத்துக் கொடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு இருமு என்றேன். இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் எதுவும் பிரிந்துவிடவில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

அடுத்து மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவி. உறிஞ்ச வேண்டிய குழாயில் எல்லாரையும் போல அவளும் ஊதிக்கொண்டிருந்தாள். வாயில் வைத்து உள்ளே இழுத்துக் காட்டினேன். முதல் பந்து ஏறியது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இழுத்ததில் இரண்டாவதும் ஆடியது.

"நீங்க உங்க சாமிகிட்ட எனக்காக வேண்டினீங்களாமே, என் பையன் சொன்னான்."

"ஆமா. இப்பவும் வேண்டவா?"

தலையை ஆட்டினாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், நான்கைந்து வார்த்தையில் ஜெபித்தேன். அவள் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுப் பிரிச்சப்ப பார்த்தேன்க்கா. உங்களுது மாதிரியேதான் இருக்கு."

"கொஞ்ச நாள்ல தடிக்கும், அரிக்கும். சொறியாதே. தையல் ஆறுற வரைக்கும் எண்ணெய் எதுவும் தடவாதே. அதுக்கப்புறம் டாக்டர் ஒரு ஜெல் எழுதித் தருவாங்க, அதை மட்டும் போடு."

"எப்போ சரியாகும்?"

"அரிப்பு குறையும். கோடு இருக்கும்."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். இன்று இரவு நெல்லை எக்ஸ்பிரஸ். புதன்கிழமைக்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆரணிக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதம் கால் வீங்கும், அதற்கு என்ன செய்வது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.